சொல்லிக்கொடுத்த முறை

வேதசிரோமணி செத்துப்போனது மஞ்சள் காமாலையில். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவன். கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போய்விடும் என்று நாளைக் கடத்திவிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்போது அவன் மனைவி புஷ்பத்துக்கு இருபத்திரண்டு வயது. மடியில் பால்குடி மறக்காத மகள் சுகிர்தா.

அந்த வார்டில் ஒல்லியாக ஒரு நர்ஸ் இருந்தாள். வேதசிரோமணிக்கு நினைவு தப்பிப்போன பிறகும் அவள் அவனிடம் பேசிக்கொண்டேதான் எல்லாம் செய்தாள். "வேதசிரோமணி, உங்களைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வைக்கப்போறேன்." "வாயைத் துடைக்கிறேன், வேதசிரோமணி." கடைசியில் உயிர் போனதும், "கண்ணை மூடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மூடினாள். அழுதுகொண்டிருந்த புஷ்பத்தின் காதில் அது விழுந்தது. அடக்கம் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்து, ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் அவளை விடவில்லை.

அக்கா ஜெயசீலிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. அத்தான் ஐசக் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இரண்டு பேருமே புஷ்பத்தை ஒரு நாளும் பாரமாக நினைத்ததில்லை. ஆனாலும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கில் பாஸ் செய்திருந்தாள்.

"அக்கா, நான் நர்ஸ் ட்ரெயினிங் போகட்டுமா?" என்று ஒரு நாள் அரிசி புடைக்கும்போது கேட்டாள்.

ஜெயசீலி முறத்தைக் கீழே வைத்தாள். "நிஜமாத்தான் சொல்றியா? நர்ஸ் வேலைன்னா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்களே புஷ்பம்."

"அவர் செத்தப்போ கண்ணை மூடினது அந்த நர்ஸ்தானே. ஊர்ல பேசறவங்க யாரும் இல்லையே."

ஜெயசீலி மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஐசக் போய்ப் பாஸ்டர் அசரியாவிடம் கேட்டார். சாரோன் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்றரை வருஷப் படிப்பு. ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும். சாப்பாடு, துணி எல்லாம் அவர்களே கொடுத்துவிடுவார்கள். கல்யாணமாகாத பெண்களைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள் என்றாலும் விதவைகளுக்கும் இடம் உண்டு. "ஆனா கைக்குழந்தை இருந்தா எடுக்க மாட்டாங்கன்னு கேள்வி" என்றார் பாஸ்டர். அவர் யாரோ சொல்லக் கேட்டதுதான். போய் விசாரிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விசாரித்து, இல்லை என்று சொல்லிவிட்டால் இருக்கிற வழியும் அடைந்துவிடுமே என்ற பயம்.

புஷ்பம் வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டு குழந்தைக்குப் பாலை மறக்கடித்தாள். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுகிர்தா அவளை ஏறிட்டுப் பார்த்த பார்வையைக் கண்டு அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள். ஆனாலும் மறுநாளும் தடவிக்கொண்டாள்.

இன்டர்வியூவுக்கு அக்காவும் தங்கையும் பஸ் ஏறிப் போனார்கள். குழந்தையை வீட்டில் விட ஆளில்லாததால் ஜெயசீலி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மேட்ரன் யூனிஸ் ஐம்பதைத் தொட்டவள். நரைத்த தலைமேல் கஞ்சி போட்ட தொப்பி, மூக்குக் கண்ணாடி. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புஷ்பம் தடுமாறாமல் பதில் சொன்னாள். ஏன் நர்ஸாக ஆசைப்படுகிறாய் என்று கேட்டதற்கு அந்த ஒல்லி நர்ஸைப் பற்றிச் சொன்னாள். மேட்ரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் பெஞ்சில் ஜெயசீலி மடியிலிருந்த சுகிர்தா சிணுங்க ஆரம்பித்தாள். சமாதானம் செய்ய முடியாமல் ஜெயசீலி கதவருகே வந்து நின்றாள். குழந்தை புஷ்பத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது.

"குழந்தை யாருது?" என்று மேட்ரன் கேட்டாள்.

என்னுடையது என்று சொல்லத்தான் புஷ்பம் வாயெடுத்தாள். அதற்குள் ஜெயசீலி, "என் குழந்தைதாங்க மேடம்" என்றாள். சொன்ன வேகத்தில் குழந்தையின் நீட்டிய கையைப் பிடித்து மடக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மேட்ரன் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். மேட்ரன் பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "ஜூலை மாசம் வந்து சேர்ந்துடு" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. பிறகு ஜெயசீலி, "உனக்காகத்தான் சொன்னேன் புஷ்பம்" என்றாள்.

"தெரியும்க்கா" என்றாள் புஷ்பம்.

படிப்பு நினைத்ததுபோல் லேசாக இல்லை. பாடமெல்லாம் இங்கிலீஷில். எலும்பு ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பேர். முதல் பரீட்சையில் அனாடமியில் ஃபெயில். கூடப் படித்தவர்கள் அவளைவிட நாலைந்து வயது சின்னவர்கள், ஹாஸ்டலில் ராத்திரி சிரித்துக் கும்மாளம் போடுகிறவர்கள். அவள் எலும்புப் பேர்களை ஜெபம்போல முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போவாள். பெட்பேன் கழுவும்போது சொல்லிப்பார்ப்பாள். வார்டு ஆயா முனியம்மா, "இன்னாம்மா, தனியா பேசிக்கினு கீறே? ஏதாச்சும் புடிச்சிக்கினிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஆனால் வார்டு வேலையில் அவளுக்கு இணை யாரும் இல்லை. வலியில் கிடப்பவர்களிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைப்பாள். ஊசிக்குப் பயந்து ஓடிய கிழவர்கள்கூட, புஷ்பம் வந்தால் போடட்டும் என்று காத்திருந்தார்கள். இங்கிலீஷும் மெல்ல மெல்ல வசப்பட்டது. ஆறு மாதத் தகுதிப் பரீட்சையில் தேறி, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தலையில் தொப்பி வைத்துக்கொண்ட அன்று ஜெயசீலியும் ஐசக்கும் வந்திருந்தார்கள். சுகிர்தா ஐசக்கின் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

மாதத்தில் முதல் ஞாயிறு பார்வையாளர் நாள். ஹாஸ்டல் வாசலில் நாவல் மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கும். ஹாஸ்டலைக் கவனித்துக்கொள்ளும் ஹோம் சிஸ்டர் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சுகிர்தாவுக்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது. ஒரு ஞாயிறு, கேட்டைத் தாண்டும்போதே ஜெயசீலியின் கையை உதறிவிட்டு, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு புஷ்பத்தை நோக்கி ஓடிவந்தாள். ஹோம் சிஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஜெயசீலி பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா இங்க இருக்கேன்டி, அது சித்தி" என்று சிரித்துச் சமாளித்தாள். புஷ்பத்தின் புடவையை இறுகப் பிடித்திருந்த பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரித்தெடுத்தது புஷ்பம்தான்.

அன்று கிளம்பும்போது புஷ்பம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, வீட்டுலயும் என்னைச் சித்தின்னே சொல்லப் பழக்கிடு. இங்க யாராவது கண்டுபிடிச்சா நடுவுலயே அனுப்பிடுவாங்க."

ஜெயசீலி முகம் சுருங்கியது. "அன்னிக்கு நான் அவசரத்துல சொன்னேன். அதுக்காக வீட்டுலயுமா? வேணாம் புஷ்பம். பாவம்."

"மூணு வருஷம்தானேக்கா. படிப்பு முடிஞ்சதும் மாத்திக்கலாம். குழந்தைதானே, எல்லாம் மறந்துடும்."

"சரி" என்றாள் ஜெயசீலி.

அடுத்த தடவை வந்தபோது சுகிர்தா கேட்டருகே நின்று, யாரும் தூண்டாமலே, "சித்தி" என்றாள். நல்ல பெண் என்று புஷ்பம் அவளை அணைத்து முத்தம் கொடுத்தாள். குழந்தைக்கு அது பிடித்திருந்தது. மறுபடியும் மறுபடியும் "சித்தி, சித்தி" என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் முத்தத்துக்குக் கன்னத்தைக் காட்டியது.

புஷ்பம் கடைசிப் பரீட்சையில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். மெடல் கொடுத்தார்கள். மேட்ரன் அவளை வேறெங்கும் விடாமல் அங்கேயே ஸ்டாஃப் நர்ஸாக எடுத்துக்கொண்டு, குவார்ட்டர்ஸில் ஒரு அறையும் கொடுத்தாள். இனி மறைத்துவைக்கக் காரணம் இல்லை. சுகிர்தாவுக்கு ஐந்து வயதாகியிருந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால், என்ன வந்தாலும் வரட்டும் என்று மேட்ரன் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒரு பொய்யைச் சொல்லித்தான் இங்க சேர்ந்தேன். அக்கா குழந்தைன்னு சொன்னது என் குழந்தை. இப்ப என்கூட வெச்சுக்க ஆசைப்படறேன்."

யூனிஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கு அன்னிக்கே தெரியும் புஷ்பம். குழந்தை உன்னைப் பார்த்துதானே கையை நீட்டுச்சு."

"பின்ன ஏன் மேடம் ஒண்ணும் சொல்லல?"

"கேட்டேனே. நீ வாயைத் திறக்கல. குழந்தை இல்லாத அக்காவுக்கு ஸ்வீகாரம் கொடுத்துட்டியாக்கும்னு நினைச்சேன். குடும்ப விஷயம். அதை எப்படி நான் தோண்டித் துருவறது?"

"குழந்தை இருந்தா எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது? பால்குடிக்கிற குழந்தையா இருந்தா ஒரு வருஷம் கழிச்சு வான்னு சொல்லுவோம். உனக்கு முன்னால நாகலக்ஷ்மின்னு ஒருத்தி படிச்சா. அவளும் உன்னை மாதிரிதான். அவ பையன் பின்பக்கம் நம்ம நர்சரியில ஸ்டாஃப் குழந்தைங்களோடதானே வளர்ந்தான். சாயங்காலமானா அவ போய்ப் பார்த்துட்டு வருவா."

புஷ்பம் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் அந்த நர்சரியின் ஓட்டுக் கூரை தெரிந்தது. பிரசவ வார்டில் டியூட்டி பார்த்த மாதங்களில் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தாள். உள்ளே குழந்தைகள் பாடும் சத்தம் காதில் விழும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள் மேட்ரன். குறையாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னாள்.

ஊரப்பாக்கத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது ஜெயசீலி தகராறு எதுவும் செய்யவில்லை. உள்ளே போய்ச் சுகிர்தாவின் கவுன்களை மடித்து ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தாள். தலைவாரும் சீப்பு, ரிப்பன், தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பழைய தலையணை. "ராத்திரி ஒரு தடவை எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போயிடு. கத்திரிக்காய் சாப்பிட மாட்டா" என்று மட்டும் சொன்னாள். ஐசக் பஸ் ஸ்டாப்புவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியனுப்பும்போது குழந்தையின் தலையைத் தடவினார்.

குழந்தை அழும், அடம்பிடிக்கும், அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்று புஷ்பம் மனசைத் தயார் செய்துவைத்திருந்தாள். சுகிர்தா அழவே இல்லை. விருந்தாளியாக வந்த வீட்டில் நடந்துகொள்வதுபோல் மிக நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாள். "சித்தி, தண்ணி குடிக்கலாமா?" "சித்தி, இந்தப் பொம்மையைத் தொடலாமா?" தட்டில் கத்திரிக்காய் விழுந்தபோதுகூட ஒன்றும் சொல்லாமல் விழுங்கினாள். படுக்கும்போது கட்டிலின் ஓரத்தில், புஷ்பத்தின் மேல் படாமல், கையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். டியூட்டி முடிந்து புஷ்பம் வரும்போது வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அதுவரை முனியம்மா பார்த்துக்கொள்வாள்.

"இந்தப் பொண்ணு மாதிரி நான் பார்த்ததே இல்லம்மா. ஒரு பேஜாரும் கிடையாது" என்றாள் முனியம்மா. "ஆனா ரோட்டையே பார்த்துகினு கீது."

விடுமுறை முடியப்போகும் சமயம், தலைவாரிவிட்டுக்கொண்டே புஷ்பம் சொல்லிவிட்டாள். "சுகிர்தா, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நான் உன் சித்தி இல்ல. நான்தான் உன் அம்மா."

"தெரியும்" என்றது குழந்தை.

புஷ்பத்தின் கை நின்றுவிட்டது. "யார் சொன்னா?"

"அம்மாதான் சொன்னாங்க. எப்பவும் சொல்லுவாங்க. ஜெபம் பண்றப்போ, பெத்த அம்மாவுக்காக வேண்டிக்கோன்னு சொல்லுவாங்க."

"அப்ப ஏன்டா என்னைச் சித்தின்னு கூப்பிடறே?"

சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிடக்கூடாதே என்ற கவலை அந்தச் சின்ன முகத்தில் இருந்தது. "நீங்கதானே அப்படிக் கூப்பிடச் சொன்னீங்க" என்றாள்.

புஷ்பம் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். இனிமேல் அம்மா என்று கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் குழந்தை கீழ்ப்படிந்தும் இருக்கும். இந்தக் கீழ்ப்படிதலை நினைத்துத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உனக்கு ஊரப்பாக்கம் போகணுமா?" என்று கேட்டாள்.

குழந்தை ரிப்பன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. பிறகு, "உங்களுக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டது.

மறுநாள் அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஊரப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பியதும் சுகிர்தா அவள் கையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். ஐந்து வயதுப் பிள்ளை எப்படி ஓடுமோ அப்படி, செருப்புக் கழன்று விழ, கவுன் பறக்க ஓடினாள். புஷ்பம் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் மெதுவாக நடந்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் புஷ்பம் வார்டு சிஸ்டரானாள். மாணவிகளுக்குப் பாடம் நடத்தினாள். அவள் கையில் பழகிய பெண்கள் எங்கெங்கோ நல்ல வேலைக்குப் போனார்கள். மறுமணத்துக்குப் பாஸ்டர் இரண்டு தடவை வரன் கொண்டுவந்தார். வேண்டாம் என்றுவிட்டாள். ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரப்பாக்கம் போவாள். சுகிர்தா ஆசையாக வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். பிரியத்துக்குக் குறைவே இல்லை. சித்தியிடம் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டிய பிரியம் அவ்வளவும் இருந்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் மழைக்காலத்தில், கொல்லை வேலியைச் சரிசெய்யப்போன ஜெயசீலியின் காலில் துருப்பிடித்த கம்பி குத்திவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து வாயைத் திறக்க முடியவில்லை. தாடை கட்டிக்கொண்டது. ஐசக் டாக்ஸி பிடித்து நேராகச் சாரோன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அக்காவின் முகத்தில் இழுத்துக்கட்டியதுபோல் இருந்த அந்தச் சிரிப்பைப் பார்த்தவுடனே புஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. டெட்டனஸ்.

டாக்டர் தோத்தாத்ரி மருந்தைப் போட்டுவிட்டு, "இதுக்குமேல நர்ஸிங்தான் சிஸ்டர். உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. ஒரு கரண்டி விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளைந்து மூச்சு நின்றுவிடும். எப்போதும் பேசிக்கொண்டே வேலை செய்து பழகிய புஷ்பம் அந்த அறையில் வாயே திறக்காமல் அக்காவைப் புரட்டினாள், துடைத்தாள், தொண்டையில் கட்டிய கோழையை உறிஞ்சியெடுத்தாள், குழாய் வழியாகக் கஞ்சியும் பாலும் ஏற்றினாள். வேறு யாரையும் உள்ளே விடவில்லை. வெளித் தாழ்வாரத்தில் ஐசக்கின் பக்கத்தில், பாவாடை தாவணியில் சுகிர்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மத்தியானம் அந்த இருட்டில் அக்காவின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அக்கா போய்விட்டால் சுகிர்தா தன்னிடம் வருவாள். வேறு எங்கே போவாள்? அவ்வளவுதான், ஒரு கணம். நினைத்ததுமே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஜெயசீலி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச முடியாத அந்தக் கண்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. புஷ்பம் அக்காவின் நெற்றியில் கையை வைத்து, அவள் தூங்கும்வரை எடுக்காமல் இருந்தாள். அந்த நினைப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜெயசீலி பிழைத்துக்கொண்டாள். இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்து, தாடை தளர்ந்து, ஸ்பூனால் கஞ்சி குடிக்க ஆரம்பித்த அன்று புஷ்பம் சுகிர்தாவை உள்ளே கூப்பிட்டாள். அந்தப் பெண் அடிமேல் அடி வைத்து வந்து, படுக்கையில் கிடந்தவளின் கன்னத்தோடு கன்னத்தை வைத்து, சத்தம் வராமல் அழுதாள். பிறகு எழுந்து புஷ்பத்தைக் கட்டிக்கொண்டாள். வளர்ந்துவிட்டிருந்தாள், தலை புஷ்பத்தின் தோளுக்கு வந்தது.

"எங்க அம்மாவைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க சித்தி" என்று காதோடு சொன்னாள்.

புஷ்பம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "சரி, சரி. அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே, தூங்கட்டும்" என்றாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஐசக் டாக்ஸி கொண்டுவந்தார். ஜெயசீலியைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தப்போனபோது, ஜெயசீலி புஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை.

"அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் புஷ்பம்" என்றாள்.

"நான்தான்க்கா வாயைத் திறந்திருக்கணும்" என்றாள் புஷ்பம்.

டாக்ஸி கிளம்பியது. சுகிர்தா பின் ஜன்னலில் தலையை நீட்டி, "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சித்தி, அம்மா தேடுவாங்க" என்றாள். வருகிறேன் என்று புஷ்பம் கையைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி. யாரிடமாவது மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வார்டுக்குத் திரும்பினாள்.